வலுவும் பெற்றோலும் ஒழுகுவது ஒரே ஓட்டையால்

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் விளங்கட்டும். கேட்பவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி. ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த 2003ஆம் ஆண்டு டொயோட்டா 121 கொரல்லா, 1500 சிசி, ஓட்டோ கியர். தினமும் கோட்டையில் உள்ள அலுவலகத்துக்குப் போய்வருகிறார். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கண்டி. லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர்கூடக் கிடைப்பதில்லை. கண்டி வீதியின் கடுகண்ணாவ ஏற்றத்தில் கார் மூச்சு வாங்குகிறது. நண்பர்கள் கூம்பு வடிவக் காற்று பில்டர், பெரிய சைலன்சர், 17 அங்குல ரிம், எஞ்சின் கணினியின் கணக்கை மாற்றும் 'சிப்' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பாவோ, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார். பெற்றோல் செலவு கூடாமல் காரின் வலுவைக் கூட்ட முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் 'கூட்டுவது' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் காரில் இருக்கும் 1என்இசட் எஞ்சின் புதிதாக இருந்தபோது சுமார் 110 குதிரைவலு கொடுத்தது. ஒரு தொன்னுக்குச் சற்றே மேல் எடையுள்ள காருக்கு அது தாராளம். இருபது வருடத்துக்கு மேல் ஓடி, பல கை மாறி, பல கராஜ் கண்ட பிறகு அந்த 110இல் எவ்வளவு சக்கரம் வரை போய்ச் சேருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் காரில் வலுவைக் கூட்டினால் பெற்றோலும் கூடும். அங்கே இரண்டும் பகையாளிகள். சீர்கெட்ட காரில் இரண்டும் ஒரே ஓட்டையால் ஒழுகுகின்றன. அடைத்தால் சேர்ந்தே திரும்பி வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டினோம். அந்த ஒட்டுகள் பல கார்களின் உள்ளே இன்னும் இருக்கின்றன.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நானும் ஒரு 121 வைத்திருந்தேன். வாங்கிய புதிதில் நகரத்துக்குள் லீற்றருக்கு ஏழரை. ஒருநாள் கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிப் போகும்போது, வெப்பநிலை காட்டும் முள்ளைக் கவனித்தேன். நெரிசலில் நடுவுக்கு வந்து நின்ற முள், நூறில் ஓடத் தொடங்கியதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. "நல்லதுதானே, சூடாகவில்லை" என்றார் மனைவி. எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, தண்ணீரை வடித்துவிட்டு, ரேடியேட்டரின் கீழ்க்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து மூடியைக் கழற்றினேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளம். ரப்பர் வளையமும் இல்லை. அதற்குப் பதிலாகச் சிவப்புப் பசையைச் சுற்றித் தடவி மூடியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் தோல் உரிவதுபோல் உரிந்தது. எப்போதோ கார் சூடாகியிருக்கிறது. ஏன் சூடாகியது என்று தேடப் பொறுமையில்லாத யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். 'எங்கள் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு' என்ற வசனத்தை நம் கராஜ்களில் நான் கேட்காத வருடம் இல்லை.

இது எதற்கு என்று சொல்கிறேன். வெளியே முப்பது பாகையாக இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். உள்ளே ஓடும் தண்ணீர் எண்பது பாகையைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால், கார் வேகமாக ஓடும்போது காற்றுப்பட்டு எஞ்சின் அறுபது எழுபதிலேயே நின்றுவிடும். எஞ்சினின் கணினிக்கு அது 'இன்னும் சூடேறவில்லை' என்ற செய்தி. ஆகவே அது காலையில் கார் கிளப்பும்போது ஊற்றுவதுபோல் கூடுதலாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசமான ஒன்று ஓட்டோ கியரில் நடக்கிறது. எஞ்சின் சூடேறாதவரை இந்தக் கியர்பெட்டி, எஞ்சினோடு தன்னை ஒயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வேர்ட்டரைப் பூட்டாது, ஓவர்டிரைவ் என்ற கடைசி மேல் கியருக்கும் போகத் தயங்கும். பூட்டாத கன்வேர்ட்டர் என்பது நழுவும் கிளட்ச் மாதிரி. மிதித்தால் எஞ்சின் கத்தும், கார் நகராது. புதிய தெர்மோஸ்டாட்டும் புதிய ரப்பர் வளையமும் போட்டு, குழாய்த் தண்ணீருக்குப் பதில் முறையான கூலன்ட் ஊற்றினேன். அடுத்த மூன்று டாங்க் கணக்கில் ஏழரை ஒன்பதைத் தொட்டது. காரின் இழுவை மாறியதைச் சொல்லாமலே மனைவி கண்டுபிடித்தார்.

உங்கள் காரிலும் இதுதான் குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இது. பார்ப்பதற்குக் கராஜ் செலவே இல்லை: அதிவேக நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் ஓடும்போது முள் நடுவில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் அளக்கப் பழகுங்கள். 'எட்டுகூடக் கிடைப்பதில்லை' என்பது எப்படிக் கண்ட கணக்கு? ஆயிரம் ரூபாய்க்கு அடித்து எத்தனை நாள் ஓடியது என்று பார்ப்பது கணக்கல்ல. ஒரே நிலையத்தில், முடிந்தால் ஒரே பம்பில், பம்ப் தானாக நிற்கும் முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்தி, டாங்கை நிரப்புங்கள். கிலோமீற்றரை எழுதுங்கள். கால் டாங்க் வரை ஓட்டி, மறுபடியும் அதே மாதிரி நிரப்பி, இரண்டாவது முறை ஏறிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுங்கள். மூன்று டாங்குக்குச் சராசரி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாயாகி, அடுத்து வந்த கியூஆர் கோட்டா ஒதுக்கிய லீற்றர்களை வைத்து எல்லோரும் கணக்குப்பிள்ளை ஆனோம். விலை இறங்கியதும் கொப்பியை மூடிவிட்டோம். அந்தக் கொப்பியைத் தேடி எடுங்கள்.

அடுத்தது பிரேக். கொழும்பு நெரிசலில் பிரேக்கின் மேலேயே வாழ்கிறோம், ஆனால் சேர்விஸ் என்றால் ஒயிலும் பில்டரும் மட்டும்தான். பிரேக் பேட்களைச் சுழலும் தட்டின் மேல் அமுக்கும் முன்சக்கரக் கலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அந்த ஊசிகளில் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்தால், காலை எடுத்த பிறகும் பேட் தட்டை விடாது. கார் பிரேக்கோடு ஓடும். மரைன் டிரைவை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும், கடல் உப்புக்காற்று சும்மா விடாது. சோதனை எளிது. இரவில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டிவந்து நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பிறகு ஜக் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவிப் பூட்டுவது ஒரு மணி நேர வேலை. கைபிரேக் கேபிள் இறுகியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டயர்க் காற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ள அளவைக் காலையில் டயர் குளிராக இருக்கும்போது வையுங்கள். இரண்டு பி.எஸ்.ஐ. கூட வைத்தால் தப்பில்லை. 40க்கு ஏற்றிவிட்டு மழையில் கொழும்பு-காலி வீதியில் பிரேக் அடிக்கும் வீரர்களைப் பின்பற்ற வேண்டாம். வீல் அலைன்மென்ட் வருடம் ஒருமுறை போதும், பெரிய குழி ஒன்றில் விழுந்தால் உடனே.

இனி எஞ்சினின் மூச்சு. காற்று பில்டர் அடைத்தால் பெற்றோல் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்றைய எஞ்சின்களில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் கணினி பெற்றோலை விடுகிறது. காற்று குறைந்தால் பெற்றோலும் குறையும். இழப்பது வலுவை. ஏற்றத்தில் காலை அமுக்கினால் வரவேண்டியது வராது. ஆகவே பில்டரை மாற்றுங்கள், சாதாரணக் காகித பில்டரே போதும். மாற்றும்போது, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திறொட்டில் பொடியையும் பாருங்கள். வட்டத் தகட்டின் விளிம்பில் கறுப்புப் பிசின் படிந்திருந்தால் அதற்குரிய ஸ்பிரேயால் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு ஓரிரு நாள் கார் நிற்கையில் எஞ்சின் ஓட்டம் கொஞ்சம் ஏறி இறங்கும். கணினி புதிய அளவைக் கற்றுக்கொள்கிறது, பயப்பட வேண்டாம். காற்றை அளக்கும் சென்சரின் கம்பி முடியைவிட மெல்லியது. அதற்கென்று தனி ஸ்பிரே இருக்கிறது. வேறு எதையும் அடிக்கக்கூடாது, துணியாலோ பிரஷாலோ தொடவே கூடாது.

ஸ்பார்க் பிளக் இரிடியமாக இருந்தால் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வரை போகும். சாதாரண பிளக் இருபதாயிரத்தை அண்டியே தேயத் தொடங்கிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான் பழைய கார்களின் சிக்கல். கழற்றிப் பாருங்கள், நான்கும் ஒரே நிறத்தில், வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கரி பிடித்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலோ, பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ சரியில்லை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பிளக் வாங்கும்போது விலை அநியாயத்துக்கு மலிவாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். போலி இரிடியம் பிளக்கின் முனையைப் பார்த்தாலே தெரியும்: அசலின் முனை ஊசிபோல் நேர்த்தியாக நிற்கும், போலியில் கொஞ்சம் கோணலாக ஒட்டிவைத்தது போல் இருக்கும்.

இவ்வளவும் செய்தும் கணக்கு ஏறாவிட்டால் ஒட்சிசன் சென்சர் பக்கம் திரும்புங்கள். புகையில் மிஞ்சிய ஒட்சிசனைப் பார்த்து 'பெற்றோல் கூடிவிட்டது, குறைந்துவிட்டது' என்று கணினிக்குச் சொல்வது அதுதான். வயதானால் பேச்சு மந்தமாகும். விளக்கு எரியாது, ஆனால் கணினி தவறான செய்தியை நம்பிப் பெற்றோலை விடும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று பூட்டி, நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணை, அதாவது கணினி வழமையைவிடப் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டலோ கழித்தலோ ஐந்து வீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. கூட்டல் பதினைந்து என்றால் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது, அல்லது பெற்றோல் அழுத்தம் குறைவு, அல்லது காற்றை அளக்கும் சென்சர் பொய் சொல்கிறது. கைப்பேசியோடு பேசும் மலிவான கருவிகள் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கான பழைய கார்கள் சிலவற்றோடு பேச மறுக்கும். கராஜில் உள்ள பெரிய ஸ்கேனர் பேசும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடாவருடம் எடுக்கும் புகைப் பரிசோதனைத் தாளைப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு கண் பார்ப்பதும் நல்லது. தேறிய வாகனமென்றாலும், அதில் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வைத்தியர் செய்து கொடுத்த இரத்தப் பரிசோதனை மாதிரி அது, நாம்தான் படிப்பதில்லை.

ஒயிலைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. 'சூடான நாடு, தடித்த ஒயில் போடு' என்று 20டபிள்யூ-50ஐ ஊற்றும் பழக்கம் இன்னும் சாகவில்லை. உங்கள் எஞ்சின் 5டபிள்யூ-30க்காகக் கட்டப்பட்டது. தடித்த ஒயிலைச் சுற்றித் தள்ளவே எஞ்சின் வலுவைச் செலவழிக்கிறது. தவிர, இந்த எஞ்சினில் வால்வுகள் திறக்கும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்துவதே ஒயில் அழுத்தம்தான்; மெல்லிய துளைகளுக்குள் தேன் மாதிரி ஒயில் ஓடினால் அந்த நேரம் சரியாக மாறாது. ஒயில் எரிக்கும் எஞ்சினாக இருந்தால் மட்டும் ஒரு படி தடிப்பாக ஊற்றுவதை ஒப்புக்கொள்வேன். கியர்ப் பெட்டிக்கும் அதற்கென்று குறித்த ஒயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். 'எல்லாத்துக்கும் பொதுவானது' என்று பீப்பாயைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

95 ஒக்டேன் அடித்தால் இழுவை கூடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒக்டேன் என்பது பெற்றோலின் சக்தியின் அளவல்ல, அழுத்தத்தில் தானாகவே வெடிக்காமல் தாங்கும் திறன். ஜப்பானில் சாதாரண பெற்றோலின் தரம் குறைந்தது 89 ஒக்டேன் இருந்தால் போதும். உங்கள் கார் அதைக் குடிப்பதற்காகவே பிறந்தது. நமது 92 அதற்கு விருந்து. 95இன் மேலதிக விலையை டயரில் போடுங்கள். ஒரு விலக்கு: ஏற்றத்தில் மிதிக்கும்போது எஞ்சினுக்குள் சில்லறை குலுக்குவதுபோல் சத்தம் கேட்டால், உள்ளே கரி படிந்து அழுத்தம் ஏறியிருக்கலாம், அப்போது 95 உண்மையிலேயே உதவும், ஆனால் அது நோயை மறைக்கும் மாத்திரை. டர்போ கார் வைத்திருப்பவர்களும், பெற்றோல் மூடியில் உயர் ஒக்டேன் என்று எழுதியிருக்கும் ஜப்பான் கார்க்காரர்களும் இந்தப் பத்தியை மறந்துவிட்டு 95 அடிக்கவும்.

இப்போது நண்பர்களுக்கு வருவோம். கூம்பு பில்டர் பொருத்தினால் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோல் இருக்கும். உங்கள் காரில் இருக்கும் பெட்டி பில்டர் வெளிக்காற்றைக் குழாய் வழியாக இழுக்கிறது. கூம்பைத் திறந்த வெளியில் வைத்தால் அது பொனெட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கும். காற்று பத்துப் பாகை சூடாகும் ஒவ்வொரு முறையும் அதன் செறிவு மூன்று வீதம் அளவில் குறையும். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஏசியோடு நிற்கும் காரின் பொனெட்டுக்குள் எத்தனை பாகை என்று கையை வைத்துப் பாருங்கள். காசு கொடுத்து வலுவைக் குறைக்கும் வித்தை இது. எண்ணெய் தடவிய வகை என்றால் அந்த எண்ணெய் காற்றளக்கும் கம்பியில் போய் ஒட்டும் அபாயமும் உண்டு.

பெரிய சைலன்சரும் அப்படியே. எஞ்சின் நிமிடத்துக்கு ஐந்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது ஏதாவது கிடைக்கும், ஆனால் காலி வீதியில் நீங்கள் ஓடுவது ஆயிரத்து ஐந்நூறில். புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிட்டிக் கன்வேர்ட்டரை வெட்டிவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது அடைத்துப்போயிருந்தால் கார் உண்மையிலேயே மூச்சுத் திணறும், ஆனால் அதற்கு மருந்து மாற்றுவதுதான். ரிம் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். 14 அங்குலத்தைக் கழற்றி 17 போட்டால் ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ ஏறும். காரில் ஏறும் மற்ற எடையைப் போன்றதல்ல அது. முன்னே தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் நின்று கிளம்பும் காருக்கு அது காலில் கட்டிய உரல். கூடவே சக்கரத்தின் மொத்த உயரம் மாறினால் கிலோமீற்றர் காட்டியும் பொய் சொல்லத் தொடங்கும். பிறகு எந்தக் கணக்கும் கணக்கல்ல. 'சிப்' டர்போ எஞ்சினுக்கு உண்மையான மருந்து. டர்போ இல்லாத உங்கள் எஞ்சினில் அது கொடுப்பது ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய குதிரைகளைத்தான். சிகரெட் லைட்டரில் செருகுவது, பெற்றோல் குழாயில் காந்தம் கட்டுவது ஆகியவற்றைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்கவில்லை.

ஓட்டுவதைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன், அதைத் தலையில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே வரும். உங்கள் காரும் நீங்களும் சேர்ந்து 1,200 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை எட்ட அதற்கு ஏறக்குறைய 116 கிலோஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நகர ஓட்டத்தில் சக்கரத்துக்குப் போகும். அப்படியானால் 50ஐ எட்டும் ஒவ்வொரு முறையும் 18 மில்லிலீற்றர். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். பிரேக்கை மிதித்து நின்றால் அந்தக் கரண்டியை வீதியில் கொட்டியதாக அர்த்தம். கொள்ளுப்பிட்டியில் முன்னே சிவப்பு விளக்குத் தெரிகிறது, அதை நோக்கி அமுக்கிக்கொண்டு போய் அடிக்கிற பஸ்ஸைப் பார்க்கிறீர்களே, அவர் பெரிய அகப்பையால் கொட்டுகிறார். கிளம்பும்போது ஆமை மாதிரி கிளம்புவதால் இந்தச் செலவு குறையாது. விரும்பிய வேகத்தைச் சுறுசுறுப்பாக எட்டி, உடனே காலைத் தளர்த்தினால் ஓட்டோ கியர் சீக்கிரம் மேல் கியருக்கு மாறும். மிச்சம் கிடைப்பது தூரத்தில் தெரியும் சிவப்புக்குக் காலை முன்கூட்டியே எடுப்பதில்தான். அதனால்தான் சொல்கிறேன், வலுவாகக் கிளம்புவதும் சிக்கனமாக ஓட்டுவதும் ஒரே கால் செய்யக்கூடிய வேலை.

நிற்பதும் செலவுதான். ஏசியோடு நிற்கும் 1500 சிசி எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் குடிக்கும். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு எட்டு கிலோமீற்றர் சொச்சம். பாடசாலை விடும் நேரத்திலும் காலை நெரிசலிலும் போகவர அரை மணி நேரம் நின்றால் அரை லீற்றர் போயிற்று. உங்கள் அன்றைய பெற்றோலில் அது கால் பங்கு. இருபது நிமிடம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புவதைவிடச் சிறந்த 'சிப்' கொழும்பில் கிடையாது. ஏசியை நிறுத்தி வியர்த்து ஓட்டச் சொல்ல மாட்டேன், நானே அப்படி ஓட்ட மாட்டேன். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் இடுக்குகளில் தூசியும் பொலித்தீன் துண்டும் அடைந்திருக்கும், மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். கம்ப்ரசரின் பாரம் குறையும். ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பின் ஆசனத்தின் பக்கத்தில் உள்ள பெட்டரி விசிறியின் வாயைத் திறந்து பாருங்கள். தூசியும் முடியும் பஞ்சும் அடைத்து, பெட்டரி கொதித்து, வலுவும் சிக்கனமும் சேர்ந்து போன ஹைபிரிட்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

கடுகண்ணாவைக்கு வருகிறேன். நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் பொதிகளும் சேர்ந்து 1,400 கிலோ கார் அதில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏறுவதற்குச் சுமார் 11 கிலோவாட் போதும், அதாவது 15 குதிரைவலு. உங்களிடம் 110 இருக்கிறது. பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? கியர்ப் பெட்டி பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து மேல் கியரிலேயே தொங்கிக்கொண்டு, எஞ்சின் ஆயிரத்து முந்நூறு சுற்றில் இழுக்க முடியாமல் முனகுகிறது. நீங்கள் அமுக்குகிறீர்கள், அது சட்டென்று இறங்கிக் கத்துகிறது, காலை எடுக்கிறீர்கள், மறுபடி மேலே போகிறது. இந்த ஊசலாட்டத்தில்தான் பெற்றோலும் போகிறது, கியர் ஒயிலும் கொதிக்கிறது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியர்க் கம்பியில் உள்ள ஓவர்டிரைவ் பொத்தானை அமுக்கி நிறுத்துங்கள். செங்குத்தான வளைவுகளில் '2'க்கு எடுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றில் கார் தன்பாட்டுக்கு ஏறும். அந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமலே பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? உங்கள் பாதையில், ஏசியோடு, பத்தைத் தொட்டால் அந்தக் கார் ஆரோக்கியம் என்று அர்த்தம். பன்னிரண்டு பதின்மூன்று என்று சொல்பவர்கள் ஞாயிறு காலையில் மட்டும் ஓட்டுபவர்கள். தெர்மோஸ்டாட், பிரேக், பிளக், பில்டர் நான்குக்கும் ஆகும் செலவு 17 அங்குல ரிம் ஒரு செட்டின் விலையில் சிறு பங்கு.

கடைசியில் அப்பா சொன்னது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது பெற்றோல் வேண்டும். கியரில் விட்டுக் காலை எடுத்தால், சுற்று ஆயிரத்து சொச்சத்துக்கு மேல் இருக்கும்வரை உங்கள் காரின் கணினி இன்ஜெக்டர்களை முழுவதும் மூடிவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும், பெற்றோல் சுழியம். பிரேக்கின் பாரத்தையும் எஞ்சின் பங்குபோட்டுக்கொள்ளும். கடுகண்ணாவையில் உள்ள டோசன் கோபுரத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போது முன்னால் போகும் லொறியின் பிரேக் கருகும் மணம் வந்திருக்குமே, அதுதான் நியூட்ரலின் மணம். அப்பாவிடம் இதைச் சொல்லும்போது, அவர் ஓட்டப் பழகிய கார்புரேட்டர் கார்களில் பெற்றோல் கணக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரேக் கணக்கில் அன்றும் இல்லை. அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.